ஜூன் மாதத்துக்குள் வந்து சேர வேண்டிய பணம்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பிள்ளைகளுக்கு என்ன வாங்கித் தரலாம், டீச்சர்?" உசிலம்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் கணக்கு டீச்சராக இருந்து, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கேள்விக்கு இப்போது நான் சொல்லும் பதில், "எதுவும் வாங்கித் தர வேண்டாம், ஜூன் மாதம் கையில் கொஞ்சம் பணம் வைத்திருங்கள்" என்பது. கேட்பவர் முகம் கொஞ்சம் சுருங்கும். விளக்கிச் சொன்னால் பாதிப்பேர் புரிந்துகொள்வார்கள்.

இது நானாகக் கண்டுபிடித்த பதில் இல்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பல வருடமாகச் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்ததில் கிடைத்தது. நைஜீரியாவிலும் அமெரிக்காவிலும் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு வந்தவர். ஊரில் 'நைஜீரியா சார்' என்றால்தான் தெரியும். அமெரிக்காவில்தான் அதிக காலம் இருந்தார், ஆனால் முதலில் விழுந்த பெயர் மாறவே இல்லை. அவர் பெயரை எங்கேயும் போடுவது அவருக்குப் பிடிக்காது. நானும் சார் என்றே எழுதிவிட்டுப் போகிறேன்.

எழுபதுகளில் மதுரையில் பி.எஸ்சி. கணக்கு, அப்புறம் பி.எட். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு டுடோரியலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், நைஜீரியாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. அந்த நாட்டில் 1976-ல் எல்லோருக்கும் இலவசத் தொடக்கக் கல்வி என்று அறிவித்திருந்தார்கள். எண்ணெய் விற்ற பணம் இருந்தது. பள்ளிகள் வேகமாகத் திறந்தன, பாடம் நடத்த ஆள் போதவில்லை. இந்தியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். இவருக்கு வடக்கே கானோ பக்கம் ஒரு அரசுப் பள்ளி. பிள்ளைகள் ஹவுசா பேசுகிறவர்கள், பாடம் ஆங்கிலத்தில். டிசம்பரில் சகாராவிலிருந்து ஹர்மாட்டான் காற்று வீசினால் கரும்பலகையில் எழுதிய எழுத்துமேல் புழுதி படியும் என்பார்.

அங்கே சம்பாதித்ததில்தான் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தார், வீட்டுக்கு மேல்தளம் போட்டார். அப்புறம் அந்த நாட்டுப் பணம் விழுந்தது. 1985-ல் ஒரு டாலர் ஒரு நைராவுக்கும் குறைவு. 1986-ல் பொருளாதாரச் சீரமைப்பு என்று வந்தபிறகு, 1987-ல் ஒரு டாலருக்கு நான்கு நைரா. சம்பளம் அதேதான், ஊருக்கு அனுப்பினால் கால்வாசிகூடத் தேறாது. கூட வேலை பார்த்த இந்தியர்கள் மூட்டை கட்டினார்கள். இவர் மனைவி நர்ஸ். அந்த அம்மாவுக்கு ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்ததால் குடும்பம் டெக்சாஸுக்குப் போனது. சாருடைய பட்டமும் அனுபவமும் அங்கே செல்லவில்லை. லீவு போட்ட ஆசிரியருக்குப் பதிலாகப் போய் உட்காரும் 'சப்ஸ்டிட்யூட்' வேலையிலிருந்து தொடங்கி, தேர்வெழுதி, சான்றிதழ் வாங்கி, கடைசியில் அல்ஜீப்ரா ஆசிரியரானார். மெக்சிகோவிலிருந்து வந்த பிள்ளைகள் நிறைந்த பள்ளி.

அந்தப் பள்ளியில் மதியச் சாப்பாட்டு வரிசையில் அவர் பார்த்த ஒரு விஷயத்தைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் உண்டு. தட்டை எடுத்துக்கொண்டு எண்ணை அழுத்திவிட்டு நகர வேண்டும். காசு கட்டுகிற பிள்ளையா, ஏழை என்பதால் இலவசமாகச் சாப்பிடுகிற பிள்ளையா என்பது பின்னால் நிற்பவனுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. "நம்ம ஊர்ல 1956-லயே காமராஜர் சோறு போட்டுட்டாரு, சரி. ஆனா ஒரு நோட்டு கொடுக்குறதுக்கு நாம பிள்ளைய மேடையில ஏத்திப் போட்டோ எடுக்குறோமே டீச்சர்" என்பார். இந்த ஒரு விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். அது பின்னால் வரும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மதுரையில் கல்விக்காகக் கடல் தாண்டி வந்தவர்கள் உண்டு. அமெரிக்கன் கல்லூரி 1881-ல் பசுமலையில் அமெரிக்க மிஷன்காரர்கள் தொடங்கியது. நான் படித்த லேடி டோக் கல்லூரியை 1948-ல் தொடங்கிய கேட்டி வில்காக்ஸும் அமெரிக்காவிலிருந்து வந்தவர்தான். வந்த ஊரிலேயே தங்கி வருடக்கணக்கில் வேலை பார்த்தார்கள். இப்போது நம் ஆட்கள் அங்கே போய் ஆசிரியராக இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆனால் பத்து நாள் லீவில் வந்து ஒரு விழா நடத்திவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். சார் அப்படிச் செய்யவில்லை. ஓய்வு பெற்றபின் வருடத்தில் பாதி ஹூஸ்டன், பாதி மதுரை என்று வைத்துக்கொண்டார். காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி வந்து ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்துகொள்வார். முதல் பருவம் முழுக்க யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. ஆசிரியர்களில் சிலருக்கு எரிச்சல்கூட. "இவர் எதுக்கு வர்றாரு?"

அந்தப் பருவத்தில் அவர் பார்த்தவற்றில் முதல் விஷயம் எங்கள் ஸ்டோர் ரூம். பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி, ஜியோமெட்ரி பாக்ஸ், பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் அரசாங்கம் தருகிறது. வெளியிலிருந்து வருகிறவர்கள் அதையேதான் திரும்ப வாங்கி வருகிறார்கள். ஒரு அமைப்பு கொடுத்த பழைய கம்ப்யூட்டர்கள் அந்த அறையில் அடுக்கி இருந்தன. பாதி வேலை செய்யாது. தூக்கிப் போடவும் முடியாது. அரசுப் பள்ளிக்குள் ஒரு பொருள் வந்தால் அதை இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பொருளைக் கழிக்க வேண்டுமென்றால் கடிதம், பார்வையிடல், ஒப்புதல் என்று போகும். தணிக்கைக்கு வருகிறவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார். நன்கொடையாக வந்த உடைந்த நாற்காலியைக் காப்பாற்றுவதும் தலைமையாசிரியர் வேலையில் ஒரு பகுதி. கொடுப்பவர்கள் யாருக்கும் இது தெரியாது.

சார் பார்த்த இரண்டாவது விஷயம்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வரும். அரசின் உதவித்தொகைகள் பெரும்பாலும் பிள்ளை கல்லூரியில் சேர்ந்து, சான்றிதழ் சரிபார்த்து, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்ததா என்று பார்த்து, அதற்கப்புறம்தான் வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவது பெரிய உதவி, எங்கள் பக்கத்தில் பல பெண் பிள்ளைகளைக் கல்லூரியில் நிறுத்தி வைத்திருப்பதே அதுதான் என்று சொல்வேன். ஆனால் அதற்கும் முதலில் கல்லூரியில் சேர்ந்திருக்க வேண்டுமே! மே மாதத்துக்கும் முதல் உதவித்தொகைக்கும் நடுவில் உள்ள இந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் எங்கள் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ முறுக்குக் கடைக்கோ போய்விடுவார்கள். பெண்களுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்பார்கள்.

என்ன பெரிய செலவு என்று நினைக்கலாம். அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் 50 ரூபாய்தான். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு 500, எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250. இ-சேவை மையத்தில் ஒவ்வொரு சான்றிதழுக்கும் 60. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று அது ஒரு வரிசை. இவை வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகரும்வரை அப்பா கூலி வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டும். அப்புறம் கலந்தாய்வில் இடம் கிடைத்தால், குறிப்பிட்ட நாளுக்குள் பணம் கட்டு என்று வரும். ஹாஸ்டலுக்கு முன்பணம், முதல் மாத மெஸ் கட்டணம், ஒரு பெட்டி, போர்வை, இரண்டு செட் நல்ல உடுப்பு, போட்டோ, ஜெராக்ஸ், பிள்ளையோடு கூடப் போகிறவருக்குப் பஸ் செலவு. எல்லாம் சேர்த்தால் சில ஆயிரத்திலிருந்து பத்துப் பதினைந்தாயிரம்வரை போகும். ஆட்டை விற்கலாம், ஜூனில் நல்ல விலை கிடைக்காது. பத்து வட்டிக்கு வாங்கலாம். அதைத்தான் செய்தார்கள்.

ஒரு பெண்ணுக்கு மதுரையில் அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்தது. கட்டணத்தைப் புரட்டிவிட்டார்கள். ஹாஸ்டல் முன்பணத்துக்கு வழியில்லை, கிராமத்திலிருந்து தினம் போய் வருவதென்றால் சாயங்காலம் கடைசி பஸ்ஸை விட்டால் நடுவழியில் நிற்க வேண்டும். "வேணாம் டீச்சர், டைப்பிங் கத்துக்கிட்டு இருக்கட்டும்" என்று அவள் அம்மா முடித்துவிட்டார். சார் கல்லூரிக்குப் போன் போட்டு, ஹாஸ்டல் கணக்கு எண்ணை வாங்கி, அன்றே பணம் அனுப்பினார். அவர் ஹூஸ்டனில் ஒருநாள் ஹோட்டலில் குடும்பத்தோடு சாப்பிடும் செலவுதான் அது, அவரே சொன்னது. அந்தப் பெண் இப்போது ஒரு வங்கியில் வேலையில் இருக்கிறாள். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, அதே தொகை ஆகஸ்டில் வந்திருந்தால் ஒன்றுக்கும் உதவியிருக்காது என்பது.

அதிலிருந்து சார் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். ஏப்ரலிலேயே பட்டியல். யாருக்குத் தேவை என்பதை மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பார். வகுப்பாசிரியரைக் கேட்பார். அப்புறம் சத்துணவு ஆயாவைக் கேட்பார். யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் இரண்டாவது தடவை தட்டு நீட்டுகிறான் என்பது ஆயாவுக்குத் தெரிந்த அளவு எனக்கே தெரியாது. மேயில் சான்றிதழ் வேலை முடித்துவிடுவது. முதல் பட்டதாரிச் சான்று இருந்தால் கலந்தாய்வு வழியாகச் சேரும் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணம் குறையும், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அந்தச் சலுகை கிடையாது. இது தெரியாமல் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிவிட்டு வந்து நிற்கும் குடும்பங்களை நான் வருடாவருடம் பார்த்தேன்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அப்படித்தான். மருத்துவத்துக்கு 2020-லும் பொறியியல் முதலான படிப்புகளுக்கு 2021-லும் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் அரசுப் பள்ளிகள்தான். பிள்ளையை ஏழாம் வகுப்பில் ஒரு வருடம் இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளியில் போட்டுவிட்டு, கட்ட முடியாமல் திரும்பக் கூட்டி வந்தால், அந்த ஒரு வருடத்தால் மொத்தமும் போச்சு. ஆகவே இதைப் பிளஸ் டூ பெற்றோரிடம் சொல்லிப் பயனில்லை, ஐந்தாம் வகுப்புப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். சார் ஒவ்வொரு மே மாதமும் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளுக்குப் போய் இதை மட்டும் சொல்லிவிட்டு வருவார். செலவு, ஒரு டீ.

இனி மொய் விஷயம். உசிலம்பட்டிப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காதுகுத்து, கல்யாணம், சடங்கு எதுவானாலும் செய்முறை (மொய்யைத்தான் அப்படிச் சொல்வோம்) உண்டு, செய்த தொகையை நோட்டில் எழுதுவார்கள், அந்த நோட்டு தலைமுறை தாண்டியும் பத்திரமாக இருக்கும். செய்ததைத் திருப்பிச் செய்யாதவனுக்கு ஊரில் மரியாதை இல்லை. இப்படிப்பட்ட ஊரில் போய் "இது உங்களுக்கு இலவசம், திருப்பித் தர வேண்டாம்" என்றால் மனிதர் கூனிப்போகிறார். முதல் வருடமே ஒரு அப்பா என்னிடம் வந்தார். "டீச்சர், சாருக்கு நாங்க எப்பத் திருப்பிச் செய்யணும்? அவரு வீட்டுல விசேசம் எதுவும் இருக்கா?" சாருடைய மகன்கள் இருவரும் அமெரிக்காவில். விசேஷம் நடந்தாலும் இந்த அப்பா அங்கே போய் மொய் எழுதவா முடியும்?

நான் இதைச் சாரிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கி வந்தார். மொய் நோட்டு மாதிரியே கோடு போட்டு, பெற்றோர் பெயர், ஊர், தொகை, எந்தச் செலவுக்கு என்று எழுதினார். "இது எனக்குத் திரும்ப வேணாம்ப்பா. உம் மகன் சம்பாதிக்க ஆரம்பிச்சதும், இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒண்ணுக்கு ஜூன் மாசம் இதே மாதிரி செய்யட்டும். அப்ப உங்க வரியை அடிச்சுருவோம்" என்றார். அந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் யாரும் வாங்கத் தயங்கவில்லை. அதைவிட ஆச்சரியம், செய்யாமல் விட்டவர்கள் கொஞ்சம்தான். வேலை கிடைத்த பையன் மறந்தாலும் அவன் அம்மா மறப்பதில்லை. "நம்ம வரி இன்னும் அடிக்கலையே" என்று அவர்களே கேட்டு வருவார்கள். செய்முறையைக் குறை சொல்லி எத்தனையோ பேர் பேசுகிறார்கள், அந்தக் குறைகள் உண்மைதான், கடன்பட்டு மொய் செய்கிற குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஊரில் ஏற்கெனவே இருக்கிற நாணயத்தின்மேல் கட்டினால்தான் எதுவும் நிற்கும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த நோட்டில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பொதுப் பணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. டிரஸ்ட் இல்லை, உண்டியல் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. சாருடைய கணக்கிலிருந்து நேராகக் கல்லூரிக்கோ ஹாஸ்டலுக்கோ போகும். பின்னால் வந்த பழைய மாணவர்களும் அப்படியே, ஆளுக்கொரு பிள்ளை, நேராகக் கட்டிவிட்டு ரசீதை நோட்டில் ஒட்ட வேண்டும். பொட்டி, போர்வை மாதிரிச் சில்லறைச் செலவுக்கு மட்டும் பணமாகப் பெற்றோர் கையில். நடுவில் யார் கையிலும் பணம் தங்காததால் சண்டைக்கும் வழியில்லை. பணியில் இருந்தவரை நான் ஒரு ரூபாயைக்கூடத் தொடவில்லை. அரசு ஊழியர் அனுமதி இல்லாமல் வசூலில் இறங்கக்கூடாது என்று நடத்தை விதி இருக்கிறது. நல்ல மனதோடு இறங்கி, மொட்டைக் கடுதாசியில் மாட்டி விசாரணையில் அலைந்த தலைமையாசிரியர்கள் உண்டு.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்றும் உண்டு. சார் இன்றுவரை அமெரிக்கக் குடியுரிமை வாங்கவில்லை, கிரீன் கார்டோடு நின்றுவிட்டார். சோம்பேறித்தனம் என்று மகன்கள் கேலி செய்வார்கள். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய நண்பர் ஒருவர், அவரும் மதுரைக்காரர், குடியுரிமை மாறியவர். அவர் ஒரு சின்ன அறக்கட்டளைக்குப் பணம் தர வந்தபோது ஆடிட்டர் நிறுத்திவிட்டார். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சட்டப்படி அவர் வெளிநாட்டவர்தான், இங்குள்ள கணக்கிலிருந்து ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் வருட வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் அதை வாங்கலாம். 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும், வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. "நம்ம பையன் அமெரிக்கால இருந்து அனுப்புறான், வாங்கிப் போட்டுக்குவோம்" என்று இறங்குகிற ஊர் அறக்கட்டளைகள் முதலில் ஒரு ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

பள்ளிக்கே ஏதாவது செய்ய வேண்டுமானால், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுச் செய்வதுதான் சரியான வழி. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், உறுப்பினர்களில் பாதி பெண்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழியாகவும் கொடுக்கலாம். குழுக் கூட்டத்தில் பேசவிட்டால் என்ன வரும் என்பதற்கு ஒரு உதாரணம்: சார் நூலகத்துக்கு அலமாரி தரலாமா என்று கேட்டார். ஒரு அம்மா எழுந்து, "புள்ளைங்க கக்கூசுக்குத் தண்ணி போற மோட்டார் ரிப்பேராகி ரெண்டு மாசம் ஆச்சு சார்" என்றார். அன்றிலிருந்து மோட்டார் ரிப்பேர், குழாய், பினாயில், கூட்டுகிறவருக்கு மேல்சம்பளம் இவைதான் அவருடைய பள்ளிச் செலவு. இதற்கெல்லாம் கல்வெட்டு வைக்க முடியாது என்பதால் வேறு யாரும் தர மாட்டார்கள்.

கட்டடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. யா.ஒத்தக்கடைப் பக்கம் கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள், வங்கியில் வேலை பார்த்தவர், இறந்துபோன மகள் ஜனனியின் நினைவாக 2024 ஜனவரியில் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக்கொடுத்தார். கோடிக்கணக்கில் மதிப்புள்ள இடம். அங்கே நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க இடம்தான் தடையாக இருந்தது, அந்தத் தடையை எடுத்தார். பக்கத்து ஊர்க்காரருக்குத்தான் அது தெரியும். ஹூஸ்டனில் இருந்து யோசித்தால் தெரியாது.

பாடம் எடுத்ததைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் வகுத்தல் தெரியாத பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். கானோவிலும் ஹூஸ்டனிலும் செய்ததும் அதுதானாம். எட்டாம் வகுப்புக்கு என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்குப் பயிற்சி சனிக்கிழமைகளில். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை வருடம் 12,000 ரூபாய், குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறுவதோடு முடியவில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாதது. வருடாவருடம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் பணம் நின்றுவிடும். போன் நம்பர் மாறினால் ஓ.டி.பி. வராது. பழைய நம்பரை வைத்துக்கொண்டிருந்த மாமாவைத் தேடி சேடபட்டிவரை போன கதையெல்லாம் உண்டு. சாயங்கால வகுப்பு நேரத்தையும் மணியடித்து முடிவு செய்யவில்லை, டவுன் பஸ் எப்போது வருகிறது என்று பார்த்துத்தான் வைத்தோம். 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. அந்த பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த நாள் பாதி வகுப்பு வராது.

பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் ஏதாவது கொடுக்கலாம் என்று சார் ஏற்பாடு செய்திருந்தார், ஒரு அம்மா இட்லி செய்து தருவார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் முதல்வர் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார், அடுத்த வருடம் ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சார் அன்றே தன் இட்லியை நிறுத்திவிட்டார். சிலருக்கு வருத்தம், இத்தனை நாள் செய்ததை விடலாமா என்று. "அரசாங்கம் செய்யத் தொடங்கினா நாம விலகிக்கணும், அதே காசுக்கு வேற ஓட்டை இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பத்தாம் வகுப்பு சாயங்கால வகுப்புக்குச் சுண்டலாக மாற்றினார். இட்லி செய்த அம்மாவே சுண்டலும் செய்தார். அவர் வருமானத்தைக் கெடுக்காமல் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

மேடை விஷயத்தில் ஒரே ஒரு முறை பெரிய தகராறு. உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் சாருக்குப் பாராட்டு விழா எடுத்து, உதவி பெற்ற பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து நன்றி சொல்லவைக்க ஏற்பாடு செய்துவிட்டார். பிளெக்ஸ் அடித்தாயிற்று. சார் விழாவுக்கு வந்தார், மாலையை வாங்கிக்கொண்டார், பிள்ளைகள் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடம் ஏதோ பின்னத்தைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிட்டார். பிரமுகர் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

இப்போது சாருக்கு வயதாகிவிட்டது, முழங்கால் வலி, ஹூஸ்டனிலேயே அதிகம் இருக்கிறார். நோட்டு பழைய மாணவர்கள் மூன்று பேரிடம் இருக்கிறது. ஓய்வு பெற்றுவிட்டதால் நானும் இப்போது கூட உட்கார்ந்து பட்டியல் பார்க்கிறேன். போன ஏப்ரலில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். நர்சிங் என்று சொல்லிச் சேர்க்கும், அங்கீகாரம் தெளிவில்லாத தனியார் நிறுவனங்களில் சேர விரும்பும் பெண்களுக்குக் கட்டலாமா என்று. பிள்ளை ஆசைப்படுகிறாள், கட்டுவோம் என்பது ஒரு கட்சி. படிப்புக்கு மதிப்பே இல்லாமல் போனால் அவள் அப்பா தன் வரியை எப்படி அடிப்பார் என்பது என் கட்சி. சாரைப் போனில் கேட்டோம். "அங்கீகார எண்ணைக் கேட்டு வாங்குங்க, நர்சிங் கவுன்சில் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க, அதுக்கப்புறம் சண்டை போடுங்க" என்றார். மூன்று நிறுவனங்களுக்கு எழுதினோம், ஒன்றிலிருந்துதான் பதில் வந்தது. அதில் சேர்ந்த பெண்ணுக்கு மட்டும் கட்டினோம். மற்ற இரண்டு பெண்களை அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வைத்தோம். ஒருத்தி சேர்ந்துவிட்டாள். இன்னொருத்தியின் அம்மா இன்னும் எங்கள்மேல் கோபமாக இருக்கிறார்.